கனவு கண்டவர் எழுந்தார்

(புனித சூசையப்பர் பெருவிழாவை முன்னிட்டு வானொலியில் ஆற்றிய மறையுரை)



முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு பங்கில் நான் பணியாற்றியபோது, கணவரை இழந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். காலைத் திருப்பலி முடிந்து நான் அவசரமாக எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "சாமி, எங்க வீட்டுக்காரரு கனவுல வர்றாரு. வாசல்லயே நிக்கிறாரு, உள்ள வர மாட்டேங்குறாரு. தண்ணி கேக்குறாரு. நான் கொண்டுபோய்க் கொடுக்குறதுக்குள்ள முழிப்பு வந்துடுது" என்றார். நான் வண்டியை மிதித்துக்கொண்டே, "கனவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ராத்திரி செபம் சொல்லிட்டுப் படுங்க, சரியாகிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அந்த அம்மா பிறகு என்னிடம் கனவைப் பற்றிப் பேசவே இல்லை. மை போட்டுப் பார்க்கிற ஒருவரிடம் போயிருக்கிறார். அந்த ஆள் பணத்தையும் வாங்கிக்கொண்டு, "உங்க குடும்பத்துக்குள்ளேயே ஒரு பொம்பள செய்வினை வச்சிருக்கா, அதனாலதான் செத்தவரு வீட்டுக்குள்ள வர முடியல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். குடும்பத்தில் இருந்த இன்னொரு பெண் அவருடைய ஓரகத்திதான். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள். ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்ட குடும்பம். அதோடு அந்த வாசல் மூடிக்கொண்டது. எனக்கு இது தெரிய வந்தபோது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மை போட்டவர்மீது எனக்கு வந்த கோபத்தைவிட என்மீது வந்த கோபம்தான் அதிகம். நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவர் அங்கே போயிருக்க மாட்டார். கனவுகளைப் பற்றி நாம் கோவிலில் பேச மறுத்தால், மக்கள் அதைப் பேச வேறு இடம் தேடிப் போவார்கள். அதனால்தான் இன்று பேசுகிறேன்.

சூசையப்பர் பெருவிழாவில் இதைப் பேசுவது பொருத்தமும்கூட. நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் நான்கு முறை கனவு காண்கிறார். நான்கையும் மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களில் பார்க்கலாம். மரியாவை ஏற்றுக்கொள்ளும்படி ஒரு கனவு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடும்படி ஒரு கனவு. ஏரோது இறந்தபின் திரும்பி வரும்படி ஒரு கனவு. யூதேயாவுக்குப் போகாமல் கலிலேயப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்படி ஒரு கனவு.

இந்த நான்கையும் குருமடத்தில் படித்தபோது நான் கவனிக்காத ஒன்றைப் பிற்பாடுதான் கவனித்தேன். எந்தக் கனவிலும் சூசையப்பருக்கு இலாபம் எதுவும் இல்லை. புதையல் இல்லை, பதவி இல்லை. எதிரிக்கு என்ன ஆகும் என்ற சேதிகூட, ஏரோது இறந்துவிட்டான் என்பதைத் தவிர, கிடையாது. ஒவ்வொரு கனவும் அவர் தலையில் ஒரு சுமையைத்தான் வைக்கிறது. இந்தப் பெண்ணைக் காப்பாற்று, இந்தப் பிள்ளையைக் காப்பாற்று. அதுவும் அடுத்த ஓர் அடி மட்டும்தான். எகிப்தில் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், அங்கே வேலை கிடைக்குமா, ஒன்றும் சொல்லப்படவில்லை.

இன்னொன்று. முதல் கனவு வருவதற்கு முன்பே சூசையப்பர் ஒரு முடிவு எடுத்துவிட்டார். மரியாவை ஊரார் முன் அவமானப்படுத்தாமல் மறைவாக விலக்கிவிட வேண்டும் என்று. அன்றைய சட்டப்படி அவர் ஊரைக் கூட்டியிருக்கலாம், கூட்டவில்லை. இரக்கம் பகலிலேயே அவர் மனதில் இருந்தது. அந்த இரக்கத்தைக் கடவுள் இரவில் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனார். நம் பக்கத்து முந்திரிக் காட்டில் உழைக்கிறவர்களுக்கு இது புரியும்: கொத்தாத மண்ணில் பெய்கிற மழை மேலோடு வழிந்து போய்விடும்.

நான்காவது கனவிலும் அப்படித்தான். அர்க்கெலாவு ஆட்சி செய்கிறான் என்று கேள்விப்பட்டு, அங்கே போக சூசையப்பர் முதலில் தாமாகவே அஞ்சுகிறார். பிறகுதான் கனவு வருகிறது. தம் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கனவு காணவில்லை.

இந்தச் சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தமிழில் ஒரு பெருங்காப்பியமே இருக்கிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணி. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். சூசையப்பருக்கு வளன் என்று பெயர் வைத்தார் முனிவர். நற்செய்தியில் வாய் திறக்காத ஒருவருக்கு மூவாயிரத்துக்கு மேல் பாடல்! அந்த வீரமாமுனிவர் நடந்து திரிந்த மண் நமக்குத் தூரமில்லை. விருத்தாசலம் பக்கத்துக் கோணாங்குப்பத்துக்குப் பெரியநாயகி மாதாவைப் பார்க்க நம்மில் எத்தனை பேர் போய் வருகிறோம்! அந்த ஆலயம் உண்டான விதமாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முனிவர் கொண்டு வந்த மாதாவின் உருவம் காட்டில் தவறிப்போனதாம். பிள்ளைப்பேறு இல்லாமல் வருந்திய கச்சிராயரின் கனவில் அன்னை தோன்றித் தமக்குக் கோவில் கட்டச் சொன்னாராம். வேளாங்கண்ணியிலும் அப்படித்தான் சொல்கிறோம். மோர் விற்ற கால் ஊனமான சிறுவன் நாகப்பட்டினத்துப் பெரியவரிடம் சேதியோடு ஓடியபோது, அவருக்கும் அதே சேதி முந்தின இரவு உறக்கத்தில் வந்திருந்தது என்று. இவை வழிவழியாக வந்த மரபுகள். விசுவாசக் கோட்பாடு அல்ல. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். கனவு கண்ட கச்சிராயர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்ல. விவிலியத்திலும் பாரவோன், நெபுகத்னேசர், கீழ்த்திசை ஞானிகள், பிலாத்துவின் மனைவி எல்லாரும் வெளியாட்கள்தான். பக்கத்து வீட்டு இந்து சகோதரி தன் கனவைச் சொல்ல வந்தால் ஏளனமாகச் சிரிக்காதீர்கள்.

அப்படியென்றால் எல்லாக் கனவும் கடவுள் அனுப்பியதா? இல்லை. இதில் விவிலியம் நம்மைவிடக் கண்டிப்பு. சீராக்கின் ஞானம் 34ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். கனவை நம்புகிறவன் நிழலைப் பிடிக்க ஓடுகிறவனைப் போன்றவன் என்ற பொருளில் சீராக் பேசுகிறார். உன்னத கடவுளே அனுப்பியிருந்தால் தவிர அவற்றுக்கு மனதைக் கொடுக்காதே என்கிறார். கனவு கண்டேன், கனவு கண்டேன் என்று சொல்லித் திரிந்த போலி இறைவாக்கினர்களை எரேமியா 23ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வைக்கோல் என்றே ஒதுக்குகிறார். அதிகக் கவலையால் கனவு வரும் என்று சபை உரையாளர் 5ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. இன்றைய மருத்துவர் சொல்வதைப் போலவே இல்லையா?

மருத்துவர்கள் சொல்வதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். நாம் எல்லாருமே ஒவ்வோர் இரவும் பல முறை கனவு காண்கிறோம். பெரும்பாலானவற்றை மறந்துவிடுகிறோம். இரவின் பிற்பகுதியில் கனவு காணும் உறக்கம் நீள்கிறது, அதிலிருந்து நேராக விழித்துக்கொள்கிறோம். அதனால் விடியற்காலக் கனவு நினைவில் நிற்கிறது. விடியற்காலக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அடிப்படை இவ்வளவுதான். பல் விழுந்தால் சாவு, கல்யாணத்தைக் கண்டால் துக்கம், பாம்பு கடித்தால் கண்டம் கழியும் என்பதற்கெல்லாம் இந்த அளவு அடிப்படைகூட இல்லை. சகுனங்களுக்கும் குறி கேட்பதற்கும் விளக்கம் தேடுவதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116ஆம் எண்ணில் தெளிவாகவே விலக்குகிறது.

நெய்வேலிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இரவு ஷிப்ட் பார்க்கிற நம் ஆட்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. "சாமி, பகல்ல படுத்தா அமுக்குவான் பேய் வந்து நெஞ்சு மேல உக்காருது. கண்ணு தெரியுது, கை கால் அசைக்க முடியல, கத்தவும் முடியல." அது பேய் இல்லை, பயப்படாதீர்கள். கனவு காணும் நேரத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதல்லவா, அதற்கான ஏற்பாடு. சில நேரம் மூளை முதலில் விழித்துவிடுகிறது, தசைகள் விழிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. தூக்கம் முறை கெட்டவர்களுக்கு இது அதிகம். மந்திரித்த கயிறு வேண்டாம், நல்ல தூக்கம் வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபின், மரம் மேலே விழுவதாகவே கனவு கண்டு அலறியவர்கள் உண்டு. அப்படி மாதக்கணக்கில் தொடர்ந்தால் செபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

கனவில் பாவம் செய்ததாகக் கண்டு, ஒப்புரவு அருட்சாதனத்தில் நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உறக்கத்தில் நடப்பதற்கு உங்கள் சம்மதம் இல்லை. சம்மதம் இல்லாத இடத்தில் பாவம் இல்லை. புனித அகுஸ்தினார் இதைப் பற்றித் தம் மனமாற்ற நூலின் பத்தாம் புத்தகத்தில் கடவுளிடமே மனம் திறந்து பேசியிருக்கிறார். நிம்மதியாகப் போங்கள்.

இனி முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவின் கனவுக்கு.

அன்று நான் உட்கார்ந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மக்கபேயர் இரண்டாம் நூலின் 15ஆம் அதிகாரத்தைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். யூதா மக்கபே போருக்கு முன் தம் வீரர்களுக்குத் தாம் கண்ட ஒரு கனவைச் சொல்கிறார். இறந்துபோன தலைமைக் குரு ஓனியா அதில் வருகிறார். எப்போதோ இறந்துபோன எரேமியாவும் வருகிறார். அவர்கள் பயமுறுத்த வரவில்லை. உயிரோடிருக்கும் மக்களுக்காகக் கையை விரித்து மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மூன்று அதிகாரம் முன்னால் உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களுக்காக மன்றாடுகிறார்கள். இரண்டு பக்கமும் செபம்தான் போய் வருகிறது, பகை இல்லை. "உங்க வீட்டுக்காரருக்குத் தண்ணி கொடுக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்குல்ல? வாங்க, அவருக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுப்போம். அவர் பேர்ல தாகத்தோட வர்ற ஒருத்தருக்குத் தண்ணி கொடுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா அழுதிருப்பார். அழட்டும் என்று கூட உட்கார்ந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சட்டத்தை உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்தக் கனவையும் இன்னொரு மனிதருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமியார் கனவில் வந்து முறைத்தாரா? அதனால் மாமியார் கெட்டவர் ஆகிவிட மாட்டார். ஓரகத்தி எலுமிச்சம்பழத்தோடு நிற்பதாகக் கண்டீர்களா? அவர் ஊறுகாய் போடக்கூட வந்திருக்கலாம். விவிலியத்தில் கடவுள் அனுப்பிய கனவு ஒன்றே ஒன்று வழக்கு மன்றத்துக்குப் போயிற்று. பிலாத்துவின் மனைவி கண்ட கனவு. அதுவும் ஒருவரைக் குற்றவாளி ஆக்கப் போகவில்லை, குற்றமற்றவரை விட்டுவிடச் சொல்லிப் போயிற்று. பிலாத்து கேட்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டார்.

கனவு கடவுளிடமிருந்து வந்ததா என்று தெரியாமல் போகலாம். பெரும்பாலும் தெரியாது. புனித தோன் போஸ்கோ ஒன்பது வயதில் ஒரு கனவு கண்டார். முரட்டுப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். அவர்களை அடித்து அல்ல, அன்பால் வெல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. காலையில் வீட்டில் சொன்னபோது ஆளுக்கொரு விளக்கம். ஒரு அண்ணன் நீ ஆடு மேய்ப்பாய் என்றார். மற்றவர் நீ கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆவாய் என்றார். அம்மா, குருவாவானோ என்று யோசித்தார். படிப்பறியாத பாட்டி, கனவை நம்பக் கூடாது என்று முடித்துவிட்டார். எனக்கும் பாட்டி சொன்னதே சரி என்று பட்டது என்று பின்னாளில் தோன் போஸ்கோ எழுதி வைத்தார். ஆனாலும் அந்தக் கனவு மனதை விட்டுப் போகவில்லை என்றும் எழுதினார். அவர் கனவை நிறைவேற்ற ஓடவில்லை. எதிரே வந்த ஏழைப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கவனித்தார். கனவின் பொருள் வாழ்நாள் முடியும் தறுவாயில்தான் அவருக்கே விளங்கியது. அவருடைய சபையினர் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பள்ளிகளில் படித்தவர்கள் நம்மிலும் இருப்பார்கள்.

புனித மோனிக்காவின் கனவு இன்னும் நமக்கு நெருக்கமானது. மகன் அகுஸ்தின் மானிக்கேயக் கொள்கையில் விழுந்தபோது, தாய் அவனை வீட்டில் சேர்க்கவில்லை. ஒரே பந்தியில் உட்கார விடவில்லை. அப்போது ஒரு கனவு. தாம் ஒரு மரச் சட்டத்தின்மேல் அழுதுகொண்டு நிற்கிறார். ஒளி பொருந்திய இளைஞர் ஒருவர் வந்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டு, நீ நிற்கிற இடத்தைப் பார் என்கிறார். பார்த்தால் அதே சட்டத்தின்மேல் பக்கத்தில் மகன் நிற்கிறான். மகனிடம் சொன்னபோது அவன் கெட்டிக்காரத்தனமாக, நீங்கள் என் பக்கம் வரப்போகிறீர்கள் என்று அர்த்தம் என்றான். அம்மா உடனே மறுத்துவிட்டார். அவன் இருக்கும் இடத்தில் நான் என்று சொல்லப்படவில்லை, நான் இருக்கும் இடத்தில் அவன் என்றுதான் சொல்லப்பட்டது என்றார். கனவைவிட அம்மாவின் அந்தப் பதில்தான் தம்மை அசைத்தது என்கிறார் அகுஸ்தினார்.

அதன்பின் மகன் திரும்பி வர ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆனால் கனவு கண்ட உடனே அம்மா ஒன்றைச் செய்தார். கதவைத் திறந்துவிட்டார். மகனைத் திரும்ப வீட்டில் சேர்த்தார், ஒரே பந்தியில் சாப்பிட்டார். அவன் மாறியபிறகு அல்ல, மாறுவதற்கு முன்பே.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்து ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லாமல் பேசிக்கொள்ள அவரே சம்மதம் கொடுத்திருக்கிறார். அவருடைய மகள் தன் விருப்பப்படி வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டாள். ஆறு ஆண்டுகளாக அப்பாவும் மகளும் பேச்சு இல்லை. பேரன் பிறந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டார். போன மாதம் ஒரு நாள் மாலை என்னைத் தேடி வந்து, கோவில் திண்ணையில் உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு கனவு. நான் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு பஸ்ல வர்றேன். என் மடியில ஒரு சின்னப் பையன் தூங்குறான். யாரு புள்ளன்னு தெரியல. இறங்க வேண்டிய எடம் வந்துருச்சு. அவன எழுப்ப மனசு வரல. பஸ்ஸு போய்க்கிட்டே இருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு என்ன சாமி அர்த்தம்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். தெரியும் என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆறு ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்றைக் கனவு புதிதாக என்ன சொல்லிவிட்டது? பகலில் அவர் பேச விடாத ஏதோ ஒன்று தூக்கத்தில் பேசிவிட்டது, அவ்வளவுதான். அதை அனுப்பியவர் கடவுளா, அவருடைய வயதான மனமா என்று நான் ஆராயவில்லை. மன்னிக்கச் சொல்கிற குரலிடம், நீ எங்கிருந்து வந்தாய் என்று விலாசம் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அது நற்செய்தியோடு ஒத்துப்போகிறது, யாருக்கும் கெடுதல் இல்லை, அவருக்கு இலாபமும் இல்லை, தன்மானத்தில் நஷ்டம்தான். சூசையப்பரின் கனவுகளுக்கும் அதே இலட்சணம்.

"சாமி, அவ வருவாளா?" என்றார்.

"அவள் வருவது இருக்கட்டும். சூசையப்பர் கனவு கண்டதும் என்ன செய்தார்?" என்று கேட்டேன். மறைக்கல்விப் பிள்ளையைப் போல, "எழுந்தாரு" என்றார். ஆமாம், எகிப்துக்குப் போகச் சொன்னபோது விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகக் கிளம்பினார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் தம் அறையில் உறங்கும் சூசையப்பர் சுரூபம் ஒன்றை வைத்திருந்ததாக 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களிடம் சொன்னார். ஏதாவது பிரச்சினை வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தச் சுரூபத்தின் அடியில் வைத்துவிடுவாராம். நம் வீடுகளில் அந்தச் சுரூபம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படுக்கும் முன் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். இன்று யாரிடம் கடுமையாகப் பேசினேன், யாரைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனேன் என்று. அதை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டுப் படுங்கள். இரவு வேலைக்காரர்கள் காலை எட்டு மணிக்குப் படுத்தாலும் அதுதான் அவர்களுடைய இரவுச் செபம். கைபேசியைப் பார்த்துக்கொண்டே உறங்கிவிட்டு, கடவுள் என் கனவில் ஏன் பேசவில்லை என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

அந்தப் பெரியவர் அன்று திண்ணையைவிட்டு எழுந்து போகும்போது இருட்டிவிட்டது. நேராக வீட்டுக்குப் போய் மனைவியிடம், "பாப்பா நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாராம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல், சமையலறை அலமாரியில் காப்பித்தூள் டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது ஆறு ஆண்டுகளாக அங்கேதான் இருந்திருக்கிறது.